பொன்னிறத்துக்கு மேல் சிவப்பு: ஒரு பழைய டிராக்டர் விற்ற கதை, 2019–2025

இலங்கை மலைநாட்டில், வெலிமடைப் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். டிராக்டர், லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு கை டிராக்டர்), தண்ணி பம்ப் என்று உழவோடு சேர்ந்த மெசின்கள்தான் அதிகம் வரும். பழைய டிராக்டர் விற்க, வாங்க நினைப்பவர்கள் ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. இங்கே எழுதுவது அப்படிப் பார்க்கப்போன ஒரு டிராக்டரைப் பற்றி. விற்று முடிக்க ஆறு வருடம் ஆனது. விற்றவர்கள் ஏமாற்றப்படவில்லை, வாங்கியவரும் நல்ல மனிதர். ஆனாலும் கைக்கு வந்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பெரிய பங்கு வராமலே போனது. அதில் என் தவறும் உண்டு. குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

நுவரெலியாப் பக்கம், ராகலைக்கு அந்தப் புறம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து டிராக்டர் ஓட்டியவர் ஒரு பெரியவர். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டில்) எடைபோட்ட கொழுந்தைச் சாக்கோடு ஏற்றி ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, கொண்டுபோவது, திரும்பும்போது விறகோ உரமோ ஏற்றி வருவது, இதுதான் அவர் வேலை. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை ஆனபோதும் அதே டிராக்டர், 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனபோதும் அதே டிராக்டர். 1997 இல் தோட்டம் பழைய வாகனங்களை டெண்டர் போட்டு விற்றது. பெரியவர் சேமலாப நிதிக் காசில் ஒரு பகுதியைப் போட்டு அதை டிரெய்லரோடு எடுத்துக்கொண்டார். புக்கையும் (வாகனப் பதிவுப் புத்தகம்) உடனே தன் பெயருக்கு மாற்றிவிட்டார். அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்கள் குறைவு. ஓபன் பேப்பரில், அதாவது புக்கில் பெயரை மாற்றாமல், வாங்கி ஓபன் பேப்பரிலேயே விற்றுவிடுவதுதான் வழக்கம்.

அதன் பிறகு டிராக்டர் வாடகைக்கு ஓடியது. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு மூட்டைகள், மாட்டெரு, கல், மணல், சில நாள் கல்யாண வீட்டுக் கதிரைகள். பெரியவர் 2018 கடைசியில் காலமானார். மனைவி, கொழும்பில் கடையில் வேலை செய்யும் மூத்த மகன், டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்த இளைய மகன், ஆசிரியையான மகள் ஆகிய நால்வரும் வாரிசுகள். மூத்தவர் விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்றார். இளையவருக்கு அதுதான் சோறு. அம்மா எதுவும் சொல்லவில்லை.

2019 பெப்ரவரி: முதல் பார்வை

விலை சொல்லச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வீட்டுப் பக்கம் ஒரு இறக்கத்தில், சில்லுக்குக் கல் கொடுத்து டிராக்டர் நின்றது. மலைநாட்டில் பழைய டிராக்டர் எதுவும் சமதரையில் நிற்காது. காலைக் குளிரில் பற்றறி கைவிட்டால் கல்லை எடுத்து உருட்டி ஸ்டார்ட் பண்ண இறக்கம் வேண்டும்.

பார்த்தவுடன் மெசி 35, அதாவது மெசி பெர்குசன் கம்பனியின் 35, என்று எழுதிக்கொண்டேன். சிவப்புத் தகரம், அதிலும் பாதி துரு. எஞ்சின் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ். கியர் ஆறு முன்னே, இரண்டு பின்னே. எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தேன், புகை கொஞ்சம்தான். பின்னால் இருக்கும் ஹைட்ரோலிக் லிப்டில் கலப்பையை மாட்டித் தூக்கிவிட்டுக் கால் மணி நேரம் விட்டால் மெதுவாக இறங்கியது, சீல் போயிருக்கிறது. ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம். பிரேக் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடித்தது. எங்கள் பக்கத்தில் உழவை விட இதுதான் முக்கியம். லோட் ஏற்றிய டிரெய்லர் பின்னால் தள்ள, வளைவில் இறங்கும்போது பிரேக்கும் சின்னக் கியரும்தான் உயிரைக் காக்கும்.

அப்புறம் புக்கைப் பார்த்தேன். சேசி எண் சரி. எஞ்சின் எண் வேறு.

இளையவர் சொன்னார்: “அண்ணே, பழைய எஞ்சின் நாலு சிலிண்டரு. குளிருக்கு ஸ்டார்ட்டே ஆவாது. அப்பா 2003 இல ஒடச்ச மெசி ஒன்னுல இருந்து இந்த எஞ்சின எடுத்துப் போட்டாரு.”

அந்தப் பேச்சில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. முதலில் வந்த 35 களில் இருந்த டீசல் எஞ்சின் ஸ்டாண்டர்ட் கம்பனியின் நாலு சிலிண்டர், 23சி என்பது அதன் பெயர். குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று இங்கிலாந்திலேயே பெயர் கெட்ட எஞ்சின். 1959 இல் பெர்க்கின்ஸ் கம்பனியை மெசி பெர்குசன் வாங்கியது, அந்த வருடக் கடைசியில் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சின் 35 க்கு வந்தது. அதன் பிறகுதான் அந்த டிராக்டருக்கு இன்று இருக்கும் நல்ல பெயர். நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ராகலைப் பக்கத்தில் ஜனவரி மாதம் விடியற்காலை அந்த நாலு சிலிண்டரை ஸ்டார்ட் பண்ணியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். எஞ்சினை மாற்றியது பெரியவர் செய்த புத்தியான காரியம். மாற்றியதைப் புக்கில் பதிவு செய்யாததுதான் குறை. எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும் இல்லை.

இரண்டு விஷயங்களை அன்று பார்த்தும் பார்க்காதது போல விட்டேன். கியர்பெட்டியின் பக்கத்தில், கால் வைக்கும் தகட்டுக்குக் கீழே, ஐம்பது அறுபது வருட கிரீஸ் காய்ந்து கட்டியாகி இருந்தது. இலக்கம் பார்ப்பதற்காக ஸ்குரூட்ரைவரால் அதைச் சுரண்டினேன். ஒரு துண்டு பிட்டு மாதிரி உதிர்ந்து விழுந்தது. உள்ளே சாம்பல் நிறம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் மங்கிய செம்புப் பொன்னிறம் தெரிந்தது. போனில் படம் எடுத்தேன், அவ்வளவுதான்.

மற்றது ஆட்டுப் பட்டிக்குள் இருந்தது. ஆட்டுக் கயிறு கட்ட ஒரு கனமான இரும்பு வேண்டுமே, அதற்காக அந்தப் பழைய நாலு சிலிண்டர் எஞ்சினின் பிளாக்கை மூலையில் போட்டிருந்தார்கள். பெரியவர் எஞ்சின் மாற்றிய அன்று அதையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். “எதுக்குன்னு கேட்டா, கெடக்கட்டும்னாரு தம்பி,” என்று அம்மா சொன்னார். என் குறிப்புப் புத்தகத்தில் அன்று எழுதியது அப்படியே: பழைய பிளாக் ஒன்று, உபயோகமில்லை.

விலை: டிராக்டர் மூன்றரை முதல் நாலு இலட்சம், டிரெய்லர் தனியாக ஒரு இலட்சம் என்று சொன்னேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் டிராக்டருக்கு மட்டும் 375,000 கேட்டார். குடும்பம் ஒரு முடிவுக்கு வரவில்லை. இளையவர் தொடர்ந்து ஓட்டினார்.

2020–2022: விலை ஏறிய காலம்

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலரை மிச்சம் பிடிக்கத்தான். முதல் வருடம் எங்கள் பக்கத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும் மாட்டெரு, கோழியெரு, கூட்டெரு எல்லாம் தூரத்திலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. டிராக்டர் வாடகை கூடியது. கெப்பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரே கிழமையில் என்னிடம் “பழைய மெசி ஏதாவது இருக்கா” என்று கேட்டு வந்தார்கள். அதுவரை அப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை.

பிறகு 2022. மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட்டார்கள், டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதைத் தொட்டது. புது டிராக்டர் வராது, வந்திருந்தாலும் வாங்க முடியாது. இருக்கிற பழையதன் விலை அதோடு சேர்ந்து ஏறியது. அதே நேரம் இன்னொன்றும் நடந்தது, அதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. டீசலைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் முறை வந்தது. வாகன எண்ணும் சேசி எண்ணும் கொடுத்தால்தான் எரிபொருள் பாஸ். புக் இல்லாத, பெயர் தெரியாத, எண் அழிந்த டிராக்டர்கள் ஷெட்டில் நின்றன. அதுவரை எங்கள் பக்கம் டிராக்டர் வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் புக்கைக் கடைசியில் பார்ப்பார்கள். 2022 க்குப் பிறகு புக்கை முதலில் கேட்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் டிராக்டருக்கு எண்ணும் சேசியும் சரியாக இருந்ததால் டீசல் கிடைத்தது, ஓடியது. செப்டெம்பரில் வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குக்காரர் ஒருவர் 950,000 கேட்டார். எஞ்சின் எண் விஷயம் தெரிந்தே கேட்டார், பாதிப் பணம் கையில் கொண்டுவந்திருந்தார்.

கூடி இருந்து பேசினார்கள், நானும் போயிருந்தேன். இந்த முறை மூத்தவர்தான் வேண்டாம் என்றார். மூன்று வருடத்தில் மூன்றே முக்கால் இலட்சம் ஒன்பதரை ஆகியிருக்கிறது, இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் பதினைந்து வரும் என்பது அவர் கணக்கு. இளையவருக்கு எப்படியும் விற்க விருப்பமில்லை. மகள் மட்டும் கொடுத்துவிடலாம் என்றார். அந்த நேரம் வங்கிகள் நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன, அதை அவர் எடுத்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டபோது, “அவசரம் இல்லன்னா வச்சிருங்க” என்றேன். பொறுப்பில்லாத பதில். விலை ஏன் ஏறியது, எது மாறினால் நிற்கும் என்று யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

2022 நொவெம்பர்: பழைய இரும்பு

இதற்குத் தனித் தலைப்புக் கொடுப்பதற்குக் காரணம் பின்னால் தெரியும். அந்த வருடம் பழைய இரும்புக்காரர்கள் லொறியோடு தோட்டம் தோட்டமாக வந்தார்கள். வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடான நேரம். இளையவர் ஆட்டுப் பட்டியிலிருந்த பிளாக்கையும் உடைந்த கலப்பை ஒன்றையும் போட்டு 21,500 ரூபாய் வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உபயோகமில்லை என்று எழுதி வைத்தவன் நான்.

2023: திருத்தமும் பெயின்டும்

2023 நடுப்பகுதியில் விலை ஏறவில்லை, கேட்டு வருபவர்களும் குறைந்தார்கள். டொலர் முந்நூற்றுப் பத்துக்குள் வந்துவிட்டது, டீசல் தாராளமாகக் கிடைத்தது. மூத்தவர் கொழும்பில் போனில் பழைய டிராக்டர் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, பளபளப்பாக இருப்பதற்குத்தான் விலை என்று முடிவு செய்தார். செலவு செய்து விற்கலாம் என்று தீர்மானித்தார்கள்.

வேலையில் பாதியை நான் செய்தேன். லிப்டின் சீல்களும் பம்பும் 55,000. முன் டயர் இரண்டு புதியது, பின் டயர் இரண்டு ரீபில்ட் (பழைய டயருக்குப் புது மேற்பரப்பு போட்டது), 110,000. சாமான்கள் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் இருந்து வந்தன. பழைய மெசியில் ஒரு நிம்மதி, சாமான் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. சென்னையில் 1960 இல் தொடங்கிய டாபே கம்பனி அதே வகை டிராக்டரைச் செய்கிறது, பாகிஸ்தானிலும் செய்தார்கள், யூகோஸ்லாவியாவிலும் ஐஎம்டி என்ற பெயரில் செய்தார்கள். இத்தனை வருடமானாலும் இந்த டிராக்டரை யாரும் இரும்புக்கு அனுப்பாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

டிங்கரிங்கும் பெயின்டும் என் வேலை இல்லை. வேறொரு இடத்தில் 95,000 க்குப் பேசினார்கள். அந்த பாஸ் (கராஜ் மேஸ்திரி) வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, அரைத்து, கியர்பெட்டி முதல் பின் அச்சு வரை சாம்பல், தகரம் எல்லாம் கடும் சிவப்பு. பொனட்டின் முன்னால் பழைய சிவப்புக்குள் புதைந்திருந்த உலோகச் சின்னத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் மெசி பெர்குசன் என்று புது ஸ்டிக்கர் ஒட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த இலக்கத் தகட்டின் மேலேயும் பெயின்ட் ஓடியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஊரே வந்து பார்த்தது. அம்மா மட்டும், “அவரு வச்சிருந்த வண்டி மாதிரியே இல்ல” என்றார். சந்தோஷத்தில் சொன்னாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மொத்தச் செலவு 260,000. விளம்பரம் போட்டார்கள், பன்னிரண்டரை இலட்சம் என்று. யாரும் வரவில்லை. வந்த ஒருவரும் எஞ்சின் எண்ணைப் பார்த்துவிட்டு, பெயின்ட் புதிதாக இருக்கிறதே, எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டார். அப்படிக் கேட்பார்கள் என்று நாங்கள் ஒருவருமே நினைக்கவில்லை. வேலைக்கு டிராக்டர் வாங்குகிற விவசாயிக்கு எண்ணெய்க் கசிவு தெரிய வேண்டும், வெல்டிங் தெரிய வேண்டும். புதுப் பெயின்ட் அவருக்குச் சந்தேகத்தைத்தான் கொடுக்கிறது.

2024 மார்ச்: கொழும்பிலிருந்து வந்தவர்

பழைய ஜீப், மோட்டார்சைக்கிள், டிராக்டர் என்று சேர்த்து வைக்கும் ஒருவர் வேறு வேலையாக என் கராஜுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். 2019 படம் வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கிரீஸ் உதிர்ந்த இடத்துப் பொன்னிறத்தை.

அவர் சொல்லித்தான் எனக்கு முழுவதும் புரிந்தது. 35 ஐ பெர்குசன் என்ற பெயரில் இங்கிலாந்தில் 1956 இல் வெளியிட்டபோது தகரம் சாம்பல், எஞ்சினும் கியர்பெட்டியும் பொன்னிறம். எஃப்இ35 என்பது அதன் பெயர். கொவென்ட்ரியில் பேனர் லேன் என்ற தொழிற்சாலையில் செய்தது. 1957 கடைசியில் நிறத்தை மாற்றினார்கள், தகரம் சிவப்பு, உடல் சாம்பல், பெயரும் மெசி பெர்குசன் ஆனது. அதாவது பொன்னிறத்தில் வந்தது ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலம் மட்டும். அதற்கு முந்திய சின்னச் சாம்பல் பெர்குசன் டிஇ20 ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. வயது கூடியதாக இருந்தும் அதற்குப் பெரிய விலை இல்லை என்றார். சேர்ப்பவர்களுக்கு வயதை விட முக்கியம் எத்தனை மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பது.

தோட்டம் அந்த டிராக்டரை எப்போதோ சிவப்பு அடித்துவிட்டது. ஆனால் உடலில் இருந்த பொன்னிறம் கிரீஸுக்குள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது, 2023 வரை.

அடுத்த நாளே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். டிராக்டரைக் கண்டதும் மனிதர் ஒன்றும் பேசவில்லை. சுற்றி வந்தார். குனிந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை எடுத்து, கால் தகட்டைத் தாங்கும் இரும்புக்குப் பின்னால், பிரஷ் போகாத இடத்தில் சுரண்டினார். சாம்பல் உரிந்தது, கீழே நகத்தளவு பொன்னிறம். “மெக்க தமய்,” என்றார் சிங்களத்தில். இதுதான், இதேதான். அப்புறம் நிமிர்ந்து, பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டார்.

இளையவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டுப் பட்டியைப் பார்த்தேன்.

அவர் சொன்ன விலைகளை அன்றே எழுதி வைத்தேன். பெயின்ட் அடிக்காமல், துருவோடு, நாலு சிலிண்டர் பிளாக் பக்கத்தில் கிடந்திருந்தால் பதினாலு இலட்சம் கொடுத்திருப்பார். புக்கில் இருக்கும் எண் அந்தப் பிளாக்கில் இருக்கும் எண்தான், ஆகவே எண் பிரச்சினையும் அதோடு தீர்ந்திருக்கும். பிளாக் இல்லாமல், ஆனால் பழைய உடலோடு என்றால் ஒன்பது. இப்போது இருக்கிற மாதிரி ஆறரை.

நாங்கள் பழைய இரும்புக்காரரைத் தேடிப் போனோம். பதினாறு மாதம் கழித்து ஒரு பிளாக்கைத் தேடுவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உடைத்து உருக்கப் போய்விட்டது. இளையவரின் சாமான் பெட்டியில் அந்தப் பொனட் சின்னம் மட்டும் இருந்தது, எறிய மனமில்லாமல் வைத்திருந்தார். பெர்குசன் என்று மட்டும் எழுதியிருந்தது, மெசி இல்லை. கொழும்பில் இருந்து வந்தவர் அதை 15,000 க்கு வாங்கிக்கொண்டு போனார். உள்ளங்கையில் அடங்குகிற சின்னம் அது.

முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஆறரைக்கு அவருக்கே கொடுப்பதா, வேலை டிராக்டராக விற்பதா? என் கருத்து இரண்டாவது. லிப்ட் புதிது, டயர் நல்லது, பெர்க்கின்ஸ் எஞ்சினுக்கு இன்னும் பல வருடம் உண்டு. சேர்ப்பவருக்குக் குறையாகத் தெரிகிற அந்த மூன்று சிலிண்டர்தான் விவசாயிக்கு நிறை. குடும்பமும் அதையே தீர்மானித்தது, ஆனால் முதலில் பேப்பர் வேலை என்று மகள் பிடிவாதமாக நின்றார். சரியான பிடிவாதம். சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, மரணச் சான்றிதழ், நாலு பேரின் சத்தியக்கடதாசி எல்லாம் தயார்பண்ணி அம்மாவின் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். பல மாதம் எடுத்தது. எஞ்சின் எண்ணைப் பதிவு செய்யப் பற்றுச்சீட்டு இல்லாததால் அது மட்டும் முடியவில்லை.

2025: விற்பனை

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியை மறுபடி திறந்தார்கள். அடுத்த இரண்டு மாதமும் பார்க்க வந்த ஒவ்வொருவரும் “இனி புதுசு வரும்தானே” என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்கள். புதிய டிராக்டரின் விலை எங்கள் பக்கத்து விவசாயிக்கு எட்டுகிற மாதிரி இறங்கியதாக நான் காணவில்லை. ஆனால் விலை பேசுவதற்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

ஏப்ரலில் ஊவா பரணகமவில் இருந்து ஒரு விவசாயி வந்தார். வயலில் ஒரு போகம் நெல், அடுத்த போகம் உருளைக்கிழங்கு செய்கிறவர். டிரெய்லரில் பாதி லோட் கல் ஏற்றச் சொல்லி, தானே ஓட்டி, இறக்கத்தில் இறங்கிப் பார்த்தார். சின்னக் கியரில் விட்டு, பிரேக்கைத் தொடாமல் வளைவுவரை வந்தார், கியர் கழறவில்லை. பெயின்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 915,000 என்று முடித்து, எஞ்சின் எண் பதிவுக்கு ஆகும் அலைச்சலுக்கு 75,000 கழித்து, 840,000 கொடுத்தார். டிரெய்லருக்குத் தனியாக 175,000. டிரெய்லரும் தனியாகப் பதிவு செய்யப்பட்ட வாகனம், அதன் புக்கும் சுத்தமாக இருந்ததால் அதில் பேரம் ஓடவில்லை.

பணம் நாலாகப் பிரிந்தது. இளையவர் தன் பங்கோடு கடன் சேர்த்து ஒரு பழைய பட்டா லொறி (சின்ன லொறி) எடுத்திருக்கிறார்.

கணக்கு

டிராக்டரின் கணக்கை மட்டும், டிரெய்லரையும் சின்னத்தையும் விட்டுப் பார்க்கிறேன். 2019 இல் 375,000 கேட்டார்கள், டொலர் ஏறக்குறைய 180. அதாவது 2,100 டொலருக்குக் கொஞ்சம் கீழே. 2022 செப்டெம்பரில் 950,000, டொலர் 362, ஆகவே 2,600 அளவு. 2025 இல் 840,000 இலிருந்து திருத்தச் செலவு 260,000 போக 580,000, டொலர் 300, ஆகவே 1,930 அளவு. மூன்றே முக்கால் இலட்சம் எட்டு இலட்சத்து நாப்பதாயிரமாக ஏறியது என்று ஊரில் பேசுகிறார்கள். செலவைக் கழித்து, ரூபாய் இறங்கியதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2022 இல் விற்று இருபது வீதத்துக்கு ஒரு வருடம் போட்டிருந்தாலே பதினொரு இலட்சத்து நாப்பதாயிரம் ஆகியிருக்கும். மகள் சொன்னது அதுதான்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, சொல்லிவிட வேண்டும். அந்த ஆறு வருடமும் டிராக்டர் சும்மா நிற்கவில்லை. கொரோனா காலத்திலும் 2022 இலும் ஒரு வீட்டுக்குச் சோறு போட்டது. 2019 இலேயே விற்றிருந்தால் இளையவர் அந்தக் காலத்தை எப்படிக் கடந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே வைத்திருந்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். வைத்திருக்கும்போது செய்த மூன்று காரியங்கள்தான் பிழை: பிளாக்கைப் போட்டது, உடலைச் சுரண்டியது, எஞ்சின் எண்ணைப் பதிவு செய்யாமல் இருபது வருடம் விட்டது.

திரும்பச் செய்வதானால்

முதல் நாள் நான் செய்யாதது, டிராக்டர் என்ன வகை, எந்த வருடத்தது என்று தேடிப் பார்ப்பது. இலக்கத் தகடு இருந்தது, பொன்னிறம் கண்ணுக்குத் தெரிந்தது, பொனட்டில் சின்னம் இருந்தது. மூன்றையும் வைத்து ஒரு மணி நேரம் தேடியிருந்தால் பிடிபட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் சிவப்பாக இருப்பதெல்லாம் மெசி 35 என்று பழகிப்போன கண் அது. வேலைக்கு வாங்குபவர்களின் விலை மட்டும்தான் எனக்குத் தெரியும், சேர்ப்பவர்களின் விலை என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது.

இப்போது பார்க்கப் போனால் டிராக்டரைப் பார்ப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி நடக்கிறேன். கோழிக்கூடு, ஆட்டுப் பட்டி, விறகுக் கொட்டில். கழற்றிப் போட்டது எதுவாக இருந்தாலும் அதன் எண்ணைப் புக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை விற்க வேண்டாம் என்று சொல்கிறேன். பெயின்டைப் பற்றி என்னைக் கேட்டால், கழுவுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்பேன். லிப்ட், டயர் இரண்டுக்கும் போட்ட பணத்தை அந்த விவசாயி விலையில் திருப்பித் தந்தார் என்றுதான் நினைக்கிறேன். பெயின்டுக்குப் போட்ட 95,000 இல் ஒரு சதமும் வரவில்லை.

எஞ்சின் மாற்றிக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டு இரண்டு பிரதி எழுதி ஒன்றை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். பழைய எஞ்சினின் எண், புதியதன் எண், எங்கிருந்து வந்தது, திகதி. பெரியவருக்கு 2003 இல் எஞ்சின் மாற்றிய கராஜ் மூடிப் பல வருடமாகிறது, அந்த பாஸும் இல்லை. ஊவா பரணகமக்காரர் போன மாதம் போன் பண்ணினார். எஞ்சின் எண் விஷயமாக அவருக்கு என்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம், 2019 இலேயே அந்த எஞ்சின் அதில் இருந்தது என்று. குறிப்புப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பியிருக்கிறேன். பழைய பிளாக் ஒன்று, உபயோகமில்லை என்ற வரியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.